இந்த இலக்கம் ஏற்கனவே உள்ளது

ஆட்களின் பேரை எழுதிப் பூட்டி வைப்பது லேசான வேலை. அந்தப் பூட்டின் சாவி யார் யாரிடம் இருக்க வேண்டும் என்று நாலு பேரைச் சம்மதிக்க வைப்பதுதான் உசிரை வாங்குகிற வேலை. கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, "பாஸ்வேர்ட் பிழை" என்று மெஷின் சொல்லும்போதெல்லாம் ஏதோ களவு செய்து பிடிபட்டமாதிரிக் கூசிப்போகிறவர்கள் யாராவது இதை வாசித்தால், என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். பதினெட்டு வருசம் கொழுந்து பறித்தேன். பிள்ளைகள் மூன்றும் தலையெடுத்த பிறகு, பதுளையில் ஒரு துணிக்கடை மாடியில் இருக்கிற உதவி நிலையத்துக்குப் பதிவு வேலைக்கு வந்து எட்டு வருசமாகிறது. தோட்டத்துச் சனங்களுக்குப் பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, விவாகப் பதிவு என்று எது இல்லையோ அதை எடுத்துக் கொடுக்கிற இடம். பதுளை, பசறை, கொஸ்லந்த, எல்ல என்று நாலு ஊரில் எங்களுக்கு மேசை உண்டு. நாலுக்கும் ஒரே பதிவேடு, கம்ப்யூட்டரில்.

அந்தப் பதிவேட்டு மென்பொருளுக்கு முதலாளி என்று யாரும் கிடையாது. எங்கெங்கோ நாட்டில் இருக்கிறவர்கள் ஓய்வு நேரத்தில் எழுதி, யாரும் பாவிக்கலாம் என்று விட்டிருக்கிறார்கள். எங்களைப் போன்ற நிலையங்கள் பல நாடுகளில் அதைப் பாவிக்கின்றன. எல்லாருடைய பதிவும் ஒரே பொதுப் பெட்டியில்தான் இருக்கிறது. அதில் ஒரு வரியை மாற்றுவது என்றாலும் பொறுப்பாளர் ஐந்து பேரும் சரி என்று சொல்ல வேண்டும். ஒருவர் மறுத்தாலும் அப்படியே நிற்கும். ஐந்து பேரில் ஒருவர் நம்ம ரிஸ்வான் தம்பி. பண்டாரவளையில் வாப்பாவின் பாத்திரக் கடைக்கு மேல் அறையில் இருந்துகொண்டு உலகத்தோடு சண்டை பிடிக்கிற பிள்ளை.

எனக்கு முந்தி வந்தவ

வேலைக்கு வந்த முதல் மாசம். பசறைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு வயசான அம்மா வந்தார். பேர் கருப்பாயி. பிறப்புப் பத்திரத்தில் கருப்பையா என்று விழுந்து, ஆயுசு முழுக்க ஆம்பிளையாக வாழ்ந்துவிட்டார், பாவம். எங்கள் சனங்களுக்கு இந்தப் பேர்ப் பிழையால் வந்த தொல்லை கொஞ்சநஞ்சம் இல்லை. அதனால் எங்கள் நிலையத்தில் ஒரு வழக்கம்: நாங்கள் தட்டுவது எதிரில் இருக்கிறவருக்கும் தெரிகிறமாதிரி இன்னொரு திரையை அவர்கள் பக்கம் திருப்பி வைத்திருப்போம். எழுத்துப் பிழை இருந்தால் அவர்களே கையைக் காட்டிச் சொல்வார்கள். அந்த வழக்கத்தை நான் எவ்வளவு மெச்சினேன் என்பதைப் பின்னால் நினைத்து நினைத்து அழுதிருக்கிறேன்.

அவருடைய அடையாள அட்டை இலக்கத்தைத் தட்டினேன். "இந்த இலக்கம் ஏற்கனவே உள்ளது" என்றது மெஷின். சரி, பழைய ஆள்தானே என்று தேடினேன். "அப்படி ஒருவர் இல்லை" என்றது. திரும்பத் தட்டினேன், உள்ளது. திரும்பத் தேடினேன், இல்லை. பட்டப்பகல், கீழே துணிக்கடையில் ரேடியோ பாடுகிறது, எனக்கு மட்டும் முதுகில் குளிர்ந்தது. பையில் இருந்த விபூதியை எடுத்து மெஷினின் நெற்றியில் கொஞ்சம் பூசினேன்.

நிலையத்தை நடத்துகிற கமலா டீச்சர் வந்து சிரித்துவிட்டு விளக்கினார். ஒரு மேசையில் பதிந்த ஆளை அந்த மேசைதான் பார்க்கலாம். மற்ற மேசைக்கு அந்த ஆளின் பக்கம் மறைந்திருக்கும். ஆனால் ஒரே ஆளை இரண்டு தடவை பதிந்துவிடக் கூடாது என்பதற்காக இலக்கத்தை மட்டும் எல்லா மேசைக்கும் சேர்த்துப் பார்க்கும். கருப்பாயி அம்மாவை அவர் மகன் கொஸ்லந்த மேசையில் பதிந்து வைத்திருந்தாராம். இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த அந்த அம்மா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு மெதுவாகக் கேட்டார்:

"அப்ப எனக்கு முந்தி நானே இங்க வந்துட்டுப் போயிட்டேனாம்மா?"

மூன்று மணிக்கு வருகிறவள்

எல்ல மேசையில் சாந்தி என்று ஒரு பிள்ளை இருந்தாள். என்னைவிட இளையவள். காய்ச்சல் என்று படுத்தவள், ஒரு கிழமையில் போய்விட்டாள். அதற்குப் பிறகு எல்ல மேசை வெள்ளிக்கிழமை மட்டும்தான் திறக்கும். அன்றைக்கு நான் பஸ் பிடித்துப் போய் உட்காருவேன்.

பதிவேட்டைத் திறந்தால் மூலையில் இப்போது யார் யார் உள்ளே வேலை செய்கிறார்கள் என்று பேர் இருக்கும். பேருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி. சாந்தியை எடுத்த முப்பத்தோராம் நாள் படையலுக்குப் போய் வந்து, அடுத்த நாள் வேலையில் உட்கார்ந்திருக்கிறேன், பின்னேரம் மூன்று மணிக்கு அவள் பேர் பச்சையாவதை முதல்தடவையாகக் கண்டேன். பத்து நிமிசம் இருந்தது. அணைந்தது. மறுநாளும் மூன்று மணி. அதற்கு மறுநாளும். நான் அம்மனுக்கு நேர்ந்துகொண்டு, ரிஸ்வான் தம்பிக்குப் போன் எடுத்தேன். அவர் சொன்ன காரணம்: தினசரி மூன்று மணிக்குப் பதிவேட்டைப் பிரதி எடுக்கிற வேலையை முதலில் சாந்தியின் பேரில்தான் அமைத்தார்களாம். மெஷின் தானாக அவள் பேரில் உள்ளே வந்து, பிரதி எடுத்துவிட்டுப் போகிறது.

"அப்ப அந்தப் பேரை எடுத்துருங்க தம்பி" என்றேன். எடுக்க முடியாதாம். அவள் பதிந்த பக்கங்கள் எல்லாம் அவள் பேரில் நிற்கின்றன. பதிந்தவர்தான் ஒரு பக்கத்தை வேறிடத்துக்கு நகர்த்தலாம். பதிந்தவர் செத்துப்போனால் அந்தச் சாவி யாருக்கு என்று ஐந்து பேரும் ஒரு வருசமாகப் பேசுகிறார்களாம், முடிவு இல்லை. இப்போது அந்தப் பேச்சில் சாந்தியைத்தான் உதாரணம் காட்டுவதால், ஐந்து நாட்டில் அவள் பேர் தெரியாத பொறுப்பாளர் இல்லை என்று ஆகிவிட்டது. நான் கமலா டீச்சரிடம் போய், தினமும் மூன்று மணிக்கு எனக்கு வேலை ஓடுவதில்லை என்று சொன்னேன். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்:

"இருக்கட்டும் பாக்கியம். உசிரோட இருந்தப்பவும் அவ மூணு மணிக்குத்தான் வேலையைத் தொடங்குவா."

காய்ந்த குடை

ஒரு செவ்வாய்க்கிழமை. நமுனுகுல மலைப் பக்கமிருந்து மழை இறங்கி, காலையிலிருந்து விடவில்லை. வந்தவர்கள் எல்லாம் படியிலேயே சேலையைப் பிழிந்துவிட்டு ஏறினார்கள். பதினொரு மணி போல் ஒருவர் என் முன்னால் வந்து உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை, நல்ல மரியாதையான முகம். குடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். குடை காய்ந்திருந்தது. சட்டையும் காய்ந்திருந்தது. அப்படியானால் இவர் மழைக்கு முந்தியே வந்து, பின்வரிசை வாங்குப் பலகையில் இவ்வளவு நேரம் உட்கார்ந்து, ஒவ்வொருத்தரும் வந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் என்பது எனக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது.

"பொஞ்சாதிங்கம்மா. போன மழைக்கு ஆத்துல போயிட்டா. உடம்பு கிடைக்கல. மரணப் பத்திரத்துக்கு எழுதணும்" என்றார். நான் கும்பிட்டுக்கொண்டேன். அடையாள அட்டை இருக்கிறதா என்றேன். இல்லை, ஆனால் இலக்கம் தெரியும் என்று கடகடவென்று சொன்னார். எங்கள் வீட்டு மனுசனுக்கு என் பிறந்த வருசமே தெரியாது. பெண்டாட்டியின் இலக்கத்தை மனப்பாடமாக வைத்திருக்கிற புருஷனை அன்றைக்குத்தான் பார்த்தேன். எவ்வளவு பாசம் என்று நினைத்தபடியே தட்டினேன்.

"இந்த இலக்கம் ஏற்கனவே உள்ளது."

அவர் பக்கத்துத் திரையிலும் அதே எழுத்து. அவர் அதை ஒரு தடவை வாசித்தார், விரலால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுத் தொட்டு இன்னொரு தடவை வாசித்தார். எப்போது பதிந்தது என்று கேட்டார். எனக்குத் தெரியாது, வேறு மேசையில் பதிந்திருப்பார்கள் என்று சொன்னேன். கடவுளே, அதையும் என் வாயால்தான் சொன்னேன். அவர் சுவரில் ஒட்டியிருந்த நாலு ஊர்ப் பேரையும் நிதானமாகப் பார்த்தார். பிறகு எழுந்து, கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார்:

"பத்திரம் வேணாங்கம்மா. உசிரோட இருக்காளான்னு தெரிஞ்சாப் போதும்."

ஓடமாட்டேன் என்றவள்

நான் ஓடிப்போய் டீச்சரிடம் சொன்னேன். டீச்சர் எல்லா மேசையின் பக்கத்தையும் பார்க்கலாம், மாற்றத்தான் முடியாது. அவர் திறந்து பார்த்து, திரையை உடனே மூடினார். முகம் வெளுத்துவிட்டது. அந்தப் பிள்ளையின் பேரை இங்கே எழுத மாட்டேன். அதற்காகத்தானே இத்தனை பாடும். இரண்டு வருசத்துக்கு முன்னால், உடைந்த கையோடும் ஒரு குழந்தையோடும் வந்தவளைச் சாந்திதான் எல்ல மேசையில் பதிந்து, புதுப் பத்திரங்கள் எடுத்துக் கொடுத்து, ஒரு சமையல்கட்டில் வேலையும் பார்த்துக் கொடுத்திருக்கிறாள். இருக்கிற விலாசம் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. மற்ற மூன்று மேசையில் அந்த இலக்கத்தைத் தட்டினால் "ஏற்கனவே உள்ளது" என்று மட்டும் வரும். எல்ல மேசையில் தட்டினால் பக்கமே திறக்கும், விலாசத்தோடு, எதிரில் இருக்கிறவருக்கும் தெரிகிறமாதிரி.

அந்தப் பக்கத்தைப் பதிவேட்டில் டீச்சருக்கு மட்டும் திறக்கிற அறைக்கு நகர்த்தலாம் என்றால், பதிந்தவர்தான் நகர்த்த வேண்டும். பதிந்தவள் மூன்று மணிக்கு வந்து போகிறவள். அழித்துவிடலாம் என்றால், அழித்த இலக்கத்தில் அந்த மனுசன் அவளைச் செத்தவள் என்று பதிந்துவிடுவான். அவளுடைய அடையாள அட்டை, பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாம் அதோடு போகும். டீச்சர் அவளுக்குப் போன் எடுத்து, நடந்ததைச் சொல்லி, வேறு ஊருக்குப் போகிறாயா என்று கேட்டார். ஸ்பீக்கரில் சட்டி பானைச் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல், கோபமே இல்லாமல்:

"இந்தப் பிள்ளைக்கு இது மூணாவது பள்ளிக்கூடம் டீச்சர். இனிமே நான் ஓடமாட்டேன். உங்க பொஸ்தகத்த ஒழுங்கா மூடச் சொல்லுங்க."

வியாழக்கிழமை

அந்த இலக்கத்தை யார் எங்கே தட்டினாலும் கவனிக்கும்படி டீச்சர் ரிஸ்வான் தம்பியிடம் சொல்லி வைத்திருந்தார்; வியாழக்கிழமை பின்னேரம் அவர் போன் எடுத்தார். "பாக்கியம்மா, அந்த இலக்கத்தை நேற்று பசறையில ஒருத்தர் தட்டச் சொல்லியிருக்காங்க. இன்னைக்குக் காலையில கொஸ்லந்தயில." பசறையில் கேட்டது ஒரு பெண், கொஸ்லந்தயில் ஒரு கிழவர் என்று மேசைப் பிள்ளைகள் சொன்னார்கள். இரண்டு இடத்திலும் திரையை வாசித்துவிட்டு, நன்றி சொல்லிப் போயிருக்கிறார்கள். பதுளை, பசறை, கொஸ்லந்த. ஒன்றுதான் மிச்சம். அது வெள்ளிக்கிழமை திறக்கும். அங்கே உட்காரப் போவது நான்.

"நான் நாளைக்கு எல்லவுக்குப் போகல டீச்சர். மேசையைப் பூட்டிருவோம்" என்றேன். டீச்சர் யோசித்தார். அந்த மேசையை மட்டும் பூட்டினால், அதைவிடப் பெரிய பதில் என்ன இருக்கிறது? கடைசியில் நாலு மேசையையும் பூட்டி, நாலு கதவிலும் "இயந்திரக் கோளாறு" என்று எழுதிப் போட்டோம். பொய்யை என் கையாலேயே எழுதினேன். எழுதும் முன்னால் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டேன். பத்திரத்துக்கு அலைகிற சனங்கள் மலையிலிருந்து இறங்கி வந்து, பலகையை வாசித்துவிட்டுத் திரும்பினார்கள். பஸ்ஸுக்கு நின்ற ஒரு மனுசி என் காதில் விழட்டும் என்றே பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்:

"மெஷினுக்குக் கோளாறு இல்லடி. மெஷினுக்குப் பின்னால இருக்கிற பொம்பளைக்குத்தான் மூஞ்சியில ரத்தமே இல்ல."

பேர் கூப்பிடுதல்

ரிஸ்வான் தம்பி மற்ற நாலு பேரையும் கெஞ்சி, மறுநாள் வெள்ளிக்கிழமை இரண்டரை மணிக்கு அவசரக் கூட்டம் வைத்தார். பதுளைக்கே வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். திரையில் ஒரு பக்கம் மற்ற நாலு பேர் முகம், ஒரு பக்கம் அவர்களுக்கும் தெரிகிறமாதிரி எங்கள் பதிவேடு. அவர் கேட்டது இதுதான்: யார் எந்த இலக்கத்தைத் தட்டினாலும், இருந்தாலும் இல்லாவிட்டாலும், எந்த மேசையானாலும், மெஷின் "பெற்றுக்கொண்டோம், பார்த்து அறிவிப்போம்" என்று ஒரே பதில் சொல்ல வேண்டும். பிறகு உள்ளே இரண்டு பேர் சேர்ந்து திறந்து, ஏற்கனவே உள்ள ஆளா என்று பார்த்துக்கொள்ளலாம். செத்தவர் பதிந்த பக்கங்களின் சாவியை இன்னொருவருக்குக் கொடுக்கவும் வேண்டும். மூன்று பேர் சரி என்றார்கள். ஆண்டர்ஸ் என்று ஒரு வயசான ஐயா மட்டும் மறுத்தார். அவருக்குப் பின்னால் ஜன்னலில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஒரே பதில் வேண்டும் என்று தம்பி முதலில் கேட்ட நாளிலிருந்து ஒன்றரை வருசமாக மறுக்கிறவர் அவர்தான். கெட்டவர் இல்லை. "இருக்கிறதை இருக்கிறது என்று சொல்லத்தான் பதிவேடு. அது மறைக்கப் பழகினால் நாளைக்கு எதை நம்புவது? மேலும் மெஷின் அவள் பேரையோ இடத்தையோ சொல்லவே இல்லையே" என்றாராம். ரிஸ்வான் தம்பி எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் நியாயமும் நியாயம்தான்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ. "தம்பி, நான் ஒண்ணு சொல்லட்டுமா" என்றேன். தோட்டத்தில் காலையில் வேலைக்கு இறங்கும் முன்னால் எல்லாரையும் நிறுத்திக் கங்காணி பேர் கூப்பிடுவார், பெரட்டு என்போம். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் லெட்சுமி என்று ஒருத்தி, புருஷனுடைய அடி தாங்காமல் ஒளிந்திருந்தாள். எங்கே என்று லயம் முழுக்கத் தெரியும். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அன்றைக்குப் பெரட்டில் கங்காணி வழக்கம்போல் "லெட்சுமி!" என்றார். பதில் இல்லை. ஆனால் அத்தனை பேர் கண்ணும் பிள்ளைக்காம்பரா பக்கம் ஒரு தரம் போய்த் திரும்பியது. தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விடுகிற அந்த அறையில்தான் அவள் இருந்தாள். அவள் புருஷன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எங்கள் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் திரும்பிய கண் என்னுடையது. அதற்குப் பிறகு பெரட்டில் லெட்சுமியின் பேரைக் கூப்பிட வேண்டி வரவில்லை. இதை நான் பெற்ற பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை.

ரிஸ்வான் தம்பி சொல்லி முடித்ததும் அந்த ஐயா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். பிறகு, "வருத்தமாக இருக்கிறது. ஆனால் அது மனிதர்களின் கண். மெஷினுக்குக் கண் கிடையாது" என்றார். நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். "இருக்குங்கய்யா" என்று சொல்லிவிட்டு எழுந்து நின்று, கங்காணி கூப்பிடுகிறமாதிரி அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டேன்: "சாந்தி!" நாலு நாட்டு முகமும் ஒரே நேரத்தில் ஒரே மூலைக்குத் திரும்பின. ரிஸ்வான் தம்பியும் திரும்பினார், டீச்சரும் திரும்பினார். மூன்று மணி. அந்த மூலையில் சாந்தியின் பேருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. யாரோ ஒரு அம்மா வாயில் கை வைத்துக்கொண்டார். அந்த ஐயாவின் ஜன்னலில் பனி மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அவர் சொன்னதை ரிஸ்வான் தம்பி குரல் இறங்கிச் சொன்னார்:

"நானும் அந்தப் பக்கம்தான் பார்த்தேன். எனக்கு மறுப்பு இல்லை."

எல்லவில் மூன்று இலக்கம்

எழுதி, சோதித்துப் பார்த்து, எங்கள் மேசைக்கு வர ஒன்பது நாள் ஆனது; அதுவரை நாலு மேசையும் பூட்டியேதான் இருந்தன. சாந்தியின் பேரை அழிக்கவில்லை. அவள் பதிந்த பக்கங்களில் "பதிந்தவர்: சாந்தி" என்பதற்குக் கீழே "காப்பவர்: பாக்கியம்" என்று ஒரு வரி வந்தது. சாவி வாங்கின அன்றைக்கு அந்தப் பிள்ளையின் பக்கத்தை டீச்சரின் அறைக்கு நகர்த்தினேன். அப்போது விலாசத்தை வாசிக்கத்தான் வேண்டியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பகீர் என்றது. எல்ல மேசையில் நான் உட்கார்ந்தால் இடது கைப்பக்கம் ஜன்னல். ஜன்னலில் பார்த்தால் கீழே இரண்டாவது வளைவில் ஒரு சிவப்புக் கூரை. அந்தக் கூரைக்குக் கீழேதான் அவள் சமைக்கிறாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கதவைத் திறந்தேன். ரோட்டில் வெள்ளைக்காரர்கள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். பிறகு பனிமூட்டம் வந்து அவர்கள் மறைந்தார்கள், சத்தம் மட்டும் கேட்டது. அவர் வந்து உட்கார்ந்தார். அதே வெள்ளைச் சட்டை. மூன்று இலக்கம் எழுதிய ஒரு தாளை நீட்டினார். முதலாவது அவருடையது என்றார். இரண்டாவது சும்மா மனதில் வந்தது என்றார். மூன்றாவதை ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்கு மனப்பாடமாகிவிட்டிருந்தது. தட்டினேன். பெற்றுக்கொண்டோம், பார்த்து அறிவிப்போம். தட்டினேன். பெற்றுக்கொண்டோம், பார்த்து அறிவிப்போம். மூன்றாவதையும் தட்டினேன். அதே பதில்.

அப்போதுதான் கவனித்தேன், அவர் திரையைப் பார்க்கவே இல்லை. என் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். பனி விலகி ஜன்னலில் வெளிச்சம் வந்தது. என் கழுத்து தானாக அந்தப் பக்கம் திரும்பப் பார்த்தது. தாயே, தாயே, தாயே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, "அறிவிப்போம்" என்ற சொல்லின் கடைசிப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கண்ணில் தண்ணீர் முட்டியது, இமைக்கவில்லை. நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வாசலில் நின்று அவர் சொன்னார்:

"மெஷின் நல்லாப் பழகிட்டுதுங்கம்மா. நீங்களுந்தான்."

கடைசியாக ஒருத்தி

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. வராமல் இருப்பதும் வருவதுமாதிரித்தான் இருக்கிறது. காய்ந்த குடையோடு யார் வந்தாலும் எப்போது வந்தீர்கள் என்றுதான் இன்னமும் முதலில் கேட்கிறேன். பிரதி எடுக்கிற வேலையை ரிஸ்வான் தம்பி வேறு பேருக்கு மாற்றிவிட்டார். முதல் நாள் மூன்று மணிக்குப் பச்சைப் புள்ளி வராதபோதுதான், இவ்வளவு நாளும் நான் அந்த நேரத்துக்கு "வா பிள்ள" என்று முணுமுணுத்து வந்திருக்கிறேன் என்று தெரிந்தது. சனங்கள் முன்னைவிட அதிகம் ஏசுகிறார்கள். எதைக் கேட்டாலும் பார்த்து அறிவிப்போம் என்கிறீர்களே, அரசாங்கக் கந்தோரா இது என்கிறார்கள். இப்படிச் சேர்ந்த இலக்கங்களை நானும் டீச்சரும் சேர்ந்து உட்கார்ந்து திறப்பதற்குள் இடுப்பு விட்டுப்போகிறது.

தைப்பொங்கல் கழிந்த ஒரு காலை, வரிசையில் ஒரு பெண், கையில் பள்ளிக்கூடச் சட்டை போட்ட ஒரு பிள்ளை. தலையில் முக்காடு. ஒரு கை கொஞ்சம் வளைந்திருந்தது. எனக்கு அவள் முகம் தெரியாது; அவளுக்கும் என் முகம் தெரியாது. ஒரு இலக்கத்தைச் சொல்லி, "இது இருக்கான்னு பாருங்கக்கா" என்றாள். முதல் இரண்டு எண்ணிலேயே எனக்கு விளங்கிவிட்டது. ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் தட்டினேன். பெற்றுக்கொண்டோம், பார்த்து அறிவிப்போம் என்று வந்தது. அவள் குனிந்து தன் பக்கத்துத் திரையில் அதை எழுத்துக்கூட்டி வாசித்தாள். "இல்லக்கா, நான்தான் அது. என்னோட இலக்கம்தான். இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். நான் திரையையே பார்த்துக்கொண்டு, "பார்த்து அறிவிப்போம்மா" என்றேன். அவள் நிமிர்ந்தாள். முக்காட்டைச் சரிசெய்தாள். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, முதல் தடவையாகச் சிரித்தாள்:

"எனக்கே சொல்ல மாட்டேங்குதே. அப்பச் சரிக்கா."

ஒரு பேரைக் கூப்பிட்டால் எந்தப் பக்கமும் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று சம்மதிக்க ஐந்து நாட்டு ஆட்களுக்கு ஒன்றரை வருசமும், அதைப் பழக மெஷினுக்கு ஒன்பது நாளும் பிடித்தது. எனக்கு மட்டும், லெட்சுமியின் பெரட்டிலிருந்து எண்ணினால், இருபத்தைந்து வருசத்துக்கு மேலாகிறது.